பாரதியின் தபாலைப் பிரித்துப் படித்தது யார்? 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த சிஐடியும் ஒரு பத்திரிகையாளரின் கதையும்

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் முருகன், லட்சுமி, காமராஜர் படங்களுக்கு அடுத்தபடியாக அடிக்கடி தென்படும் முகம் ஒன்று உண்டு. முண்டாசு, முறுக்கு மீசை, நெற்றியில் பொட்டு. சொல்லவே வேண்டாம், பாரதியார்தான்.

ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு காலத்தில் போலீஸ் தேடிய ஆள். அவர் வீட்டு வாசலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எழுதி வைக்கவே சம்பளம் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு வந்த தபால்களை அவருக்கு முன்பே வேறு சிலர் படித்தார்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்கும் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பெகாசஸ், ஸ்னோடன், போன் ஒட்டுக்கேட்பு என்று இன்றைக்குப் பேசுகிறோம். பாரதி காலத்தில் செல்போன் கிடையாது. அப்போ எப்படிக் கண்காணித்தார்கள்? அதற்கு அவர் என்ன செய்தார்? பார்க்கலாம்.

எட்டயபுரத்துப் பையன்

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ல் பிறந்தார் சுப்பிரமணியன். அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். அன்றைய திருநெல்வேலி ஜில்லா இப்போதையதைவிட ரொம்பப் பெரியது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள்கூட 1910 வரை அதில்தான் இருந்தன. எட்டயபுரமும் சாத்தூரும் சிவகாசியும் ஒரே கரிசல், ஒரே கலெக்டர்.

5 வயதில் அம்மா போய்விட்டார். 11 வயதில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் பாரதி என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். 1897-ல், 14 வயதில் செல்லம்மாவுடன் கல்யாணம். அப்பா பஞ்சு அரைக்கும் மில் தொடங்கப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, 1898-ல் இறந்தார். பிறகு காசியில் சில வருஷம் படிப்பு. திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். சில மாதங்கள்தான்.

அந்த வருஷக் கடைசியில் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். இன்றைய மொழியில் சொன்னால் சப்-எடிட்டர். தந்தியில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய ஜி.சுப்பிரமணிய ஐயர், தி ஹிந்துவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். பாரதியைக் கவிஞராகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் கடைசி வரை அவருக்குச் சோறு போட்டது, போடாமல் பட்டினி போட்டதும்கூட, பத்திரிகைத் தொழில்தான்.

பெயர் ஒருவருடையது, பேனா இன்னொருவருடையது

1906 மே மாதம் சென்னையில் இந்தியா வாரப் பத்திரிகை தொடங்கியது. பணம் போட்டவர்கள் மண்டயம் குடும்பத்தார். எழுதியவர் பாரதி. சிவப்புக் காகிதத்தில் அச்சான இதழ்களும் உண்டு. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் வழக்கமாக்கியதும் இந்தப் பத்திரிகைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். அரசாங்கத்துக்கு அதுதான் அதிகம் உறுத்தியது என்று நினைக்க இடமுண்டு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1867-ம் ஆண்டு அச்சகச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகைக்கும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஏதாவது பிரச்சினை என்றால் அந்தப் பெயருக்கு உரியவரைப் பிடிப்பார்கள். இந்தியாவின் பதிவில் இருந்தது பாரதியின் பெயர் அல்ல. எம்.சீனிவாசன் என்பவரின் பெயர்.

1908-ல் நிலைமை முற்றியது. மார்ச்சில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் கைது. அதற்கு மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச்சூடு. வ.உ.சி-க்கு இரட்டை ஆயுள். இந்தியா பத்திரிகை இதையெல்லாம் விடாமல் எழுதியது. ஆகஸ்ட்டில் ஜி.சுப்பிரமணிய ஐயரையே குற்றாலத்தில் இருந்தபோது கைது செய்தார்கள். அதே மாதம் சீனிவாசனையும் கைது செய்தார்கள். ராஜத்துரோகக் குற்றத்துக்கு அவருக்குக் கிடைத்தது 5 ஆண்டு சிறை.

எழுதியவர்? நண்பர்கள் வற்புறுத்த, ரயிலேறிப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

பாரதியைப் போற்றும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போவார்கள். கடக்க முடியாது. எழுதாதவர் ஜெயிலுக்குப் போனார், எழுதியவர் எல்லை தாண்டினார். பாரதி வெளியில் இருந்தால்தான் பத்திரிகை நடக்கும் என்று நண்பர்கள் கணக்குப் போட்டிருக்கலாம், அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. ஆனாலும் சீனிவாசனின் பெயர் எந்தக் காலண்டரிலும் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

சென்னையில் நின்ற இந்தியா, 1908 அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. சர்வர் வெளிநாட்டில் இருக்கும் இணையதளத்தை உள்ளூர் அரசால் மூட முடியாமல் திணறுவதைப் பார்க்கிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதே கதை. அச்சு இயந்திரம் பிரெஞ்சு மண்ணில். வாசகர்கள் பிரிட்டிஷ் மண்ணில். பிரிட்டிஷ் சட்டம் இயந்திரத்தைத் தொட முடியாது.

சரி, இயந்திரத்தைத் தொட முடியாவிட்டால் எதைத் தொடலாம்? தபாலை.

பத்திரிகை வாசகரிடம் போக வேண்டுமென்றால் தபாலில்தான் போக வேண்டும். வாசகர் சந்தா கட்ட வேண்டுமென்றால் மணியார்டரில்தான் கட்ட வேண்டும். இரண்டும் பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறையின் கையில். 1898-ம் ஆண்டு தபால் சட்டத்தின் 26-வது பிரிவு, பொதுப் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லி யாருடைய தபாலையும் தடுத்து வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. இதழ்கள் வழியிலேயே பறிமுதல். சந்தாப் பணம் வந்து சேரவில்லை. யாரெல்லாம் சந்தா கட்டுகிறார்கள் என்ற விவரமும் போலீசுக்குத் தெரிந்துபோகும். இந்தியா வாங்கும் கிராமத்து வாத்தியார் வீட்டுக்குப் போலீஸ் ஒருமுறை வந்து போனால் போதும், அடுத்த மாதம் அவர் சந்தா கட்ட மாட்டார்.

1910 பிப்ரவரியில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. மார்ச்சில் இந்தியா நின்றது. விஜயா, சூரியோதயம், கர்மயோகி என்று பாரதி கை வைத்த மற்ற பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. ஒரு பத்திரிகையாளரை ஜெயிலில் போடாமலே வாயை மூட முடியும் என்பதை அன்றைய அதிகாரிகள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்த 1898 சட்டம் ரொம்ப காலம் உயிரோடு இருந்தது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அஞ்சல் சட்டம்தான் அதை மாற்றியது. புதிய சட்டத்தின் 9-வது பிரிவிலும் தபாலை இடைமறிக்க, பிரிக்க, தடுத்து வைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

வாசலில் நின்றவர்கள்

1910 ஏப்ரலில் அரவிந்தர் புதுச்சேரி வந்தார். அந்த ஆண்டே லண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு.ஐயரும் வந்து சேர்ந்தார். சென்னை சிஐடி புதுச்சேரியிலேயே வீடு பிடித்து ஆட்களைக் குடிவைத்தது. வேற்று நாட்டு மண்ணில், சாதாரண உடுப்பில்.

பாரதி குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இப்போது நினைவகம். அன்று அந்தத் தெருவில் ஒற்றர்கள் உலாவினார்கள். கடற்கரைக்குப் போனால் பின்னால் ஒரு ஆள். நண்பர் வீட்டுக்குப் போனால் எதிர்த் திண்ணையில் ஒரு ஆள். வந்துபோகும் விருந்தாளியின் பெயர், ஊர், சாதி, எத்தனை மணிக்கு வந்தார் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஊர் திரும்பியதும் விசாரணையைச் சந்திக்க வேண்டியிருக்கும். இதனாலேயே வாடகை வீடு கொடுக்கவும் கடன் கொடுக்கவும் பலர் தயங்கினார்கள்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். விசாரணை நேராகப் புதுச்சேரியைக் காட்டியது. வாஞ்சி அங்கே வந்து போனவர். சதி வழக்கில் முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரி, சூரியோதயம் பத்திரிகையில் வேலை பார்த்தவர். பாரதி மேல் கொலை வழக்கு எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்காணிப்பின் பிடி பல மடங்கு இறுகியது. அரசின் பக்கம் நின்று பார்த்தால், ஒரு கலெக்டர் கொல்லப்பட்டிருக்கிறார், விசாரிக்காமல் இருக்க முடியாதுதான். சிக்கல் என்னவென்றால், விசாரணை முடிந்து தண்டனையும் கொடுத்த பிறகும் வாசலில் நின்றவர்கள் கிளம்பவில்லை. இன்னும் 7 வருஷம் நின்றார்கள்.

அதே 1911-ல் பாரதியின் இரண்டு சிறு நூல்களை சென்னை அரசு தடை செய்தது. ஒன்று கனவு. தன் சின்ன வயசுக் காதல், அப்பாவின் சரிவு, பிடிக்காத ஆங்கிலப் படிப்பு பற்றிய சுயசரிதைக் கவிதை. இன்னொன்று ஆறில் ஒரு பங்கு என்ற சிறுகதை. அது சாதிக் கொடுமையையும் தேச சேவையையும் பேசுவது. இரண்டையும் இன்று படிப்பவர்களுக்கு இதில் தடை செய்ய என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பாரதிக்கும் அதே சந்தேகம்தான். இதைக் கேட்டு தி ஹிந்துவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். போலீஸ் தங்களைப் படுத்தும் பாட்டையும் அந்தப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

கிணற்றில் கிடந்த ஜாடி

இந்தப் பத்து வருஷக் கதையில் சினிமாவுக்கே பொருந்தும் சம்பவம் ஒன்று உண்டு. வ.வே.சு.ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒருநாள் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்தபோது, ஜாடி ஒன்று வாளியோடு மேலே வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அரசாங்கத்துக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள், காளி படம், வங்காள எழுத்துகள்.

ஐயர் வீட்டில் யாரும் அதைப் போடவில்லை. யாரோ இரவில் போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. புகார் கொடுப்பார்கள். பிரெஞ்சு போலீஸ் வந்து சோதனை போடும். ஜாடி கிடைக்கும். பிரெஞ்சு அரசு இவர்களை வெளியேற்றும். எல்லையில் பிரிட்டிஷ் போலீஸ் காத்திருக்கும்.

ஜாடியை உடைத்துப் புதைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இவர்கள் கலந்து பேசினார்கள். பாரதி, ஐயர், அரவிந்தர் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு: நாமே போய் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுவது. அப்படியே செய்தார்கள்.

எதிர்பார்த்த மாதிரியே ஒரு உள்ளூர் ஆள் கொடுத்த புகாரின் பேரில் சோதனை வந்தது. பிரெஞ்சு விசாரணை நீதிபதியே நேரில் வந்து வீடுகளைச் சோதனை போட்டார். அரவிந்தர் வீட்டு மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, தேடியதை விட்டுவிட்டு மரியாதையோடு திரும்பினார் என்பது அரவிந்தர் தரப்பில் எழுதி வைத்திருக்கும் செய்தி. வழக்கு புஸ்வாணம் ஆனது. பட்டாசு ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், திரி எரிந்தது, வெடிக்கவில்லை.

லேப்டாப்புக்குள் ஆதாரத்தை யாரோ வெளியிலிருந்து வைத்துவிட்டார்கள் என்று சமீப ஆண்டுகளில் இந்திய நீதிமன்றங்களில் வாதங்கள் வந்தன. கருவி மாறியிருக்கிறது. கிணறு அப்போதைய ஹார்ட் டிஸ்க்.

பிரெஞ்சு அரசும் இவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கவில்லை. 1911-ல் வெளியூர்க்காரர்கள் புதுச்சேரியில் தங்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பிரமுகர்கள் 5 பேர் கையெழுத்துப் போட்டு நன்னடத்தைக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று விதி வந்தது. கலவை சங்கரஞ் செட்டியாரின் முயற்சியில் 5 கையெழுத்தும் கிடைத்தது. அந்த 5 பேரும் இல்லாவிட்டால் பாரதியின் புதுச்சேரி வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கும். முதல் உலகப்போரில் பிரான்சும் பிரிட்டனும் ஒரே அணி. அல்ஜீரியாவுக்குப் போய்விடுங்களேன் என்ற யோசனைகூட வந்தது. அரவிந்தர் மறுத்துவிட்டார். யாரும் போகவில்லை.

கண்காணிப்புக்கு நடுவே எழுதியவை

பத்திரிகை இல்லை. கட்டுரை எழுதினால் எங்கே போடுவது? இந்த இடைவெளியில்தான் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் பிறந்தன. கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் வாத்தியார் பழக்கமாகி, பின்னால் பாரதிதாசன் ஆனதும் இந்த ஊரில்தான். சிஐடி தொல்லையால்தான் தமிழுக்கு இத்தனை கவிதை கிடைத்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாமல் செல்லம்மாள் பட்ட பாட்டை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

புனைபெயர்களும் உண்டு. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல. எல்லாமே போலீசை ஏமாற்ற வைத்த பெயர்கள் அல்ல. ஷெல்லிதாசன் எட்டயபுரத்திலேயே ஆசைக்கு வைத்துக்கொண்டது. ஆனால் 1915-க்குப் பிறகு சுதேசமித்திரனுக்குப் புதுச்சேரியிலிருந்து எழுதியவற்றில் அரசியலை நேராகத் தொடாமல், கதையாக, வேதாந்தமாக, ஊர்ச் செய்தியாக எழுதும் ஒரு ஜாக்கிரதை தெரிகிறது.

கடலூர் ஜெயிலும் ஒரு மனுவும்

போர் முடிந்தது. 1918 நவம்பர் 20-ல் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லையைத் தாண்டியதும் கைது. கடலூர் சிறை.

சிறையிலிருந்து நவம்பர் 28-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்டுக்கு அவர் ஒரு மனு எழுதினார். தான் அரசியலை விட்டு விலகிவிட்டதாகவும், பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசமாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் இருப்பதாகவும் அதில் உறுதி சொன்னார். பிற்காலத்தில் ஆவணக் காப்பகத்திலிருந்து இந்த மனு வெளியே வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. பாரதியா மன்னிப்பு மாதிரி எழுதினார்?

எழுதினார். மறைக்க ஒன்றுமில்லை. பத்து வருஷம் தெருவுக்குள் அடைபட்டு, காசில்லாமல், உடம்பு தேய்ந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு ஊர் திரும்ப நினைத்த 35 வயது மனிதர் எழுதிய மனு அது. அவரைக் கவிழ்க்க அந்தக் காகிதம் போதாது. அரசாங்கத்தின் ரகசியக் கோப்பு பல வருஷம் கழித்து வெளிவந்தால் அது அரசை மட்டும் காட்டிக் கொடுப்பதில்லை, நாம் கொண்டாடும் ஆட்களையும் சேர்த்தே காட்டும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ஏ.ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் முயற்சியில் டிசம்பர் 14-ல் விடுதலை கிடைத்தது. சும்மா இல்லை. திருநெல்வேலி ஜில்லாவில் குறிப்பிட்ட ஊர்களில்தான் இருக்க வேண்டும். அரசியல் கூடாது. எழுதும் எதையும் வெளியிடும் முன் சிஐடி டிஐஜியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஒரு பத்திரிகையாளருக்கு இதைவிடப் பெரிய விலங்கு இல்லை. இதே மண்ணிலிருந்து பின்னால் வந்த ஒரு வழக்கை இங்கே நினைக்கலாம். விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில் பிறந்த நக்கீரன் கோபால், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது உச்ச நீதிமன்றம் போனார். 1994-ல் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. தன்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடக் கேட்கும் தனியுரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அதேநேரம், அதிகாரிகளின் பெயர் கெடும் என்பதற்காக ஒரு எழுத்தை வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 9 நீதிபதிகள் ஒருமனதாக உறுதி செய்தது 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில். 1918-ல் பாரதிக்கு இந்த இரண்டு கதவுமே கிடையாது.

கடையத்து நாட்களும் தீப்பெட்டிக் கணக்கும்

செல்லம்மாளின் ஊரான கடையத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், சுமார் 2 வருஷம். உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீனுக்குக் கவிதையாகவே கடிதம் எழுதினார். பலன் இல்லை. 1919 மார்ச்சில் சென்னையில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அப்போது வந்திருந்ததே ரௌலட் சட்டத்தை எதிர்த்துத்தான். விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கவும், ஒருவர் எங்கே வசிக்கலாம் என்று கட்டுப்படுத்தவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. அப்படி ஒரு கட்டுப்பாட்டை அனுபவித்துக்கொண்டிருந்த ஆளே எதிரே வந்து நின்றார்.

1920-ல் தன் எழுத்தையெல்லாம் புத்தகமாக்க பாரதி ஒரு திட்டம் போட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 40 புத்தகங்கள். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. மொத்தம் 4 லட்சம். ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், வட்டியோடு தருகிறேன் என்று கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீட்டுக்கு வீடு சாதாரணமாக விற்கிறதோ அதைவிட வேகமாகத் தன் புத்தகங்கள் விற்கும் என்பது அவர் கணக்கு. அன்று தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தது ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டி. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923-ல்தான்.

பணம் வரவில்லை. ஒரு புத்தகம்கூட அந்தத் திட்டத்தில் வரவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கியதும் 1920 நவம்பரில் மறுபடி சுதேசமித்திரன். 16 வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த அதே வேலை. திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளியதில் அடிபட்டுப் பிழைத்தார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 38. இறுதி ஊர்வலத்தில் 20 பேர்கூட இல்லை என்பது உடன் இருந்தவர்கள் எழுதி வைத்தது.

இறந்த பிறகும் விடவில்லை

செத்த ஆளைப் போலீஸ் என்ன செய்யும்? புத்தகத்தைப் பிடிக்கும். 1928-ல் பர்மா அரசு பாரதியின் தேசியப் பாடல்களுக்குத் தடை போட்டது. அதைப் பின்பற்றி சென்னை அரசும் பறிமுதலில் இறங்கியது. சுமார் 2,000 பிரதிகள் போலீஸ் கைக்குப் போயின. அந்த அக்டோபரில் சென்னை சட்டசபையில் இது பெரிய விவாதமானது. சத்தியமூர்த்தி சபையில் கடுமையாகப் பேசினார். தடை பின்னர் நீங்கியது. சும்மா கிடந்த பாட்டைத் தெருத்தெருவாகப் பாட வைத்ததில் அந்தப் பறிமுதலுக்கும் பங்கு உண்டு. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி பாடல்களின் உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது மக்களின் பொதுச் சொத்தானது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் என்ன வருகிறது என்று வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி, அரசின் மேல்மட்டத்துக்கு ரகசிய அறிக்கை அனுப்புவார்கள். இந்தியா பத்திரிகையின் பல இதழ்கள் இன்று கிடைப்பதில்லை. வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து என்று வாசகர்களே கிழித்திருப்பார்கள், எரித்திருப்பார்கள். தொலைந்துபோன அந்த இதழ்களில் பாரதி என்ன எழுதினார் என்பதைத் தேடும் ஆய்வாளர்கள் கடைசியில் புரட்டுவது இந்தப் போலீஸ் அறிக்கைகளைத்தான். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் எழுதி வைத்த காகிதங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அனுமதி வாங்கிப் படிக்கலாம்.